வாங்கியவர் தலையில் கட்டாதீர்கள்

முப்பதாயிரம் ரூபாய் கட்டி இணையத்தில் செல்போன் வாங்கிய ஒருவர் "பார்சல் வரவே இல்லை" என்று வாயைத் திறந்தால் போதும், சுற்றியிருக்கும் எல்லோரும் நீதிபதி ஆகிவிடுகிறார்கள். "அவ்வளவு விலை உள்ளதை யாராவது ஆன்லைன்ல வாங்குவாங்களா?" என்பார் மாமா. "ஓடிபி சொன்னீங்களா இல்லையா?" என்று குறுக்கு விசாரணை செய்வார் பக்கத்து வீட்டுக்காரர். "பிரிக்கும்போது வீடியோ எடுத்தியா?" என்பார் கூட வேலை பார்ப்பவர். இவர்கள் எல்லோரும் பேசி முடித்த பிறகு கஸ்டமர் கேரிலிருந்து மின்னஞ்சல் வரும்: எங்கள் பதிவுகளின்படி பொருள் உங்களிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது, ஆகவே பணத்தைத் திருப்பித் தர வழியில்லை. நாலு வாய், ஒரே தீர்ப்பு. தொலைந்தது வாங்கியவர் பாடு.

இப்படிச் சொல்கிறவர்களிடம் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் தரப்பை முழுசாக வைத்துவிடுகிறேன். விற்பவர் பொருளைக் கட்டி, கூரியரிடம் கொடுத்து, ரசீதும் வைத்திருக்கிறார். கூரியர் நிறுவனத்தின் கணினியில் ‘டெலிவர்டு’ என்று நேரத்தோடு பதிவாகியிருக்கிறது. விலை உயர்ந்த பொருள் என்றால் ஓடிபியும் வாங்கியிருக்கிறார்கள். இத்தனை பதிவுக்கு எதிரே நிற்பது வாங்கியவரின் வாய்ச்சொல் மட்டும். பொருளை வாங்கி வைத்துக்கொண்டு ‘வரவில்லை’ என்று சாதிப்பவர்களும் இருக்கிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. வாய்ச்சொல்லுக்கெல்லாம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் சின்ன வியாபாரி நடுத்தெருவுக்கு வருவார், பார்சல் கொண்டுவந்த பையனுக்குச் சம்பளத்தில் பிடிப்பார்கள். உண்மையாகவே ஏமாந்தவருக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, போகட்டும்.

கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் நிற்காது.

1. ‘டெலிவர்டு’ என்று எழுதியது யார்? முதல் கேள்வி இதுதான், இதை யாரும் கேட்பதில்லை. பொருளைக் கொண்டுவந்து சேர்க்கும் கடமை யாருக்கு இருந்ததோ, அவரே தன் கையில் இருந்த கருவியில் ஒரு பொத்தானை அழுத்தி ‘கடமையை முடித்துவிட்டேன்’ என்று எழுதிக்கொண்டார். அது அவருடைய கூற்று. அந்தக் கூற்று உண்மையா என்பதுதான் தகராறே. தகராறுக்கு உட்பட்ட கூற்றையே அந்தத் தகராறைத் தீர்க்கும் சாட்சியமாக எடுத்துக்கொள்ளும் வேடிக்கை வேறு எந்த வியாபாரத்திலும் கிடையாது. மணியார்டர் கொண்டுவந்த தபால்காரர்கூடக் கையெழுத்து வாங்காமல் போனதில்லை. எழுதத் தெரியாத பாட்டி கைநாட்டு வைத்தால், பக்கத்தில் இன்னொருவரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்வார். நூறு ரூபாய்க்கு அத்தனை ஜாக்கிரதை. இன்று நாற்பதாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு, கண்ணாடித் திரையில் விரலால் கிறுக்கிய ஒரு கோடும் ‘பெற்றவர்: செல்ஃப்’ என்ற ஒரு சொல்லும் போதுமாம்.

உண்மையான சாட்சியம் இல்லாமல் இல்லை, நிறையவே இருக்கிறது. அது வாங்கியவரிடம் இல்லை என்பதுதான் விஷயம். ஒரு பார்சல் கிடங்கிலிருந்து கிளம்பி வீடு வருவதற்குள் பல கை மாறுகிறது, ஒவ்வொரு கையிலும் ஒரு பதிவு விழுகிறது. கூரியர் கட்டணமே எடையை வைத்துத்தான், அதனால் எடுக்கும்போதே எடை போடுகிறார்கள். பெரிய கிடங்குகளில் பார்சல் பட்டையில் ஓடும்போதே எடையும் நீள அகல உயரமும் தானாகப் பதிவாகின்றன. சின்னப் பார்சல்களைச் சாக்கில் போட்டு எண் பொறித்த முத்திரை வைத்துக் கட்டுகிறார்கள். அடுத்த ஊர் ஹப்பில் அந்த எண்ணைச் சரிபார்த்துவிட்டுத்தான் அவிழ்க்கிறார்கள், அங்கே மேலே கேமராவும் இருக்கிறது. கொண்டுவருபவரின் கருவி அவர் எந்த இடத்தில் நின்று பொத்தானை அழுத்தினார் என்பதைக் குறித்துவைக்க முடியும். எடுத்த இடத்தில் 420 கிராம் இருந்த பெட்டி கடைசி ஹப்பில் 260 கிராம் என்று காட்டினால், பொருள் எந்த இரண்டு ஊருக்கு நடுவில் வெளியேறியது என்பது அந்த நிறுவனத்தில் யாரோ ஒருவர் அரைமணி நேரம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். வாங்கியவருக்கு ஒரு ஜென்மம் ஆனாலும் தெரியாது, அந்தப் பக்கம் அவருக்குத் திறக்கவே திறக்காது.

ஒரு விவரம் யாருக்கு மட்டுமே தெரியுமோ அதை நிரூபிக்கும் சுமை அவருக்கே என்பது நம் சாட்சியச் சட்டத்தின் பழைய விதி. 1872 சட்டத்தில் 106-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்தில் 109-ஆம் பிரிவு. நுகர்வோர் ஆணையங்கள் சாட்சியச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து பின்பற்ற வேண்டியதில்லைதான், ஆனால் அந்த விதியின் அறிவு எல்லா மன்றத்துக்கும் பொது. ‘எனக்கு வரவில்லை’ என்பதை ஒருவர் எப்படி நிரூபிப்பார்? வராததைப் படம் பிடிக்க முடியுமா?

2. ஓடிபி விஷயத்துக்கு வருவோம். ஓடிபி எதை நிரூபிக்கிறது? ஒரு போனுக்கு வந்த எண் இன்னொரு கருவிக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை. அவ்வளவுதான். அந்த எண் போன அதே நொடியில் பொருள் இந்தப் பக்கம் வந்தது என்று அது சொல்லாது. நடைமுறையில் என்ன நடக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். பகல் பதினோரு மணிக்கு நீங்கள் அலுவலகத்தில் இருக்கும்போது போன் வரும். "சார், வீடு பூட்டியிருக்கு, ஓடிபி சொல்லுங்க, கீழே செக்யூரிட்டிகிட்ட குடுத்துடறேன்." சொல்லாவிட்டால் பார்சல் திரும்பிப் போகும், மறுபடி வர நாலு நாள். சொல்கிறோம். முக்கால்வாசி நேரம் ஒன்றும் ஆவதில்லை, அதனால்தான் சொல்கிறோம். பொருள் தொலையும் அந்த ஒரு முறை, அந்த எண்ணே நமக்கு எதிராக நிற்கும் சாட்சி ஆகிவிடுகிறது.

வீட்டில் இருந்து நேரில் வாங்கினாலும் கதை பெரிதாக மாறுவதில்லை. பெட்டியைப் பிரிக்கும் முன்பே ஓடிபி கேட்கிறார்கள். உள்ளே இருப்பது போனா, சோப்புக் கட்டியா என்று தெரிவதற்குள் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று நாம் சொல்லியாகிவிடுகிறது. சில பொருளுக்குப் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு ஓடிபி வாங்கும் முறையைத் தளங்களே வைத்திருக்கின்றன. நல்ல முறை. அப்படியானால் மூடிய பெட்டிக்கு வாங்கிய ஓடிபி உள்ளிருக்கும் பொருளைப் பற்றி எதுவும் சொல்லாது என்பதை அந்தத் தளங்களே ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்?

3. வீடியோ எடுக்கச் சொல்வது இந்த வாதங்களிலேயே மோசமானது. 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளை முதலிலிருந்து கடைசிவரை படித்தாலும், வாங்கியவர் பெட்டி பிரிப்பதைப் படம் எடுக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. விற்பவர்கள் தாங்களாகவே விதித்த நிபந்தனை இது. அதை நாம் ‘முன்ஜாக்கிரதை’ என்று பெயர் சூட்டிக் கடமையாக ஏற்றுக்கொண்டுவிட்டோம். வீட்டில் தனியாக இருக்கும் அறுபத்தைந்து வயது அம்மா, மகன் அனுப்பிய பார்சலை ஒரு கையில் கத்திரிக்கோலும் ஒரு கையில் போனுமாகப் பிரிக்க வேண்டுமாம்.

அந்த வீடியோ எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு 2021 அக்டோபரில் கேரளத்தின் ஆலுவாவில் நடந்ததைப் பார்க்கலாம். சுமார் எழுபதாயிரம் ரூபாய் முன்பணமாகக் கட்டி ஐபோன் 12 கேட்டவருக்கு, பெட்டிக்குள் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் ஐந்து ரூபாய் நாணயமும் வந்தன. அவர் சந்தேகப்பட்டு, கொண்டுவந்தவர் முன்னாலேயே வீடியோ எடுத்தபடி பிரித்தவர். ஆனாலும் விஷயத்தைத் துலக்கியது அந்த வீடியோ இல்லை. பெட்டியில் அச்சிட்டிருந்த ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணை, வைத்துக் காவல் துறையின் சைபர் பிரிவு தேடியபோது, அந்தப் போன் ஜார்க்கண்டில் ஒருவர் கையில் இருந்தது. அதுவும் இவர் ஆர்டர் போடுவதற்கு முன்பே, செப்டம்பரிலிருந்தே. பிறகுதான் பணம் திரும்பியது. ஐஎம்இஐ எண் விற்றவரிடமும் இருந்தது, தளத்திடமும் இருந்தது. அந்த எண் இயங்குகிறதா என்று பார்க்க வைக்க, வாங்கியவர் காவல் நிலையம் ஏற வேண்டியிருந்தது.

வீடியோ வாதத்தில் இன்னொரு பெரிய ஓட்டை. பெட்டியே வரவில்லை என்றால் எதைப் படம் எடுப்பது?

4. "கூரியரிடம் கொடுத்ததோடு விற்றவர் பொறுப்பு முடிந்தது" என்பவர்களுக்குச் சட்டம் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். அந்தப் பாதி 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு. வாங்குபவருக்கு அனுப்புவதற்காகப் பொருளைக் கொண்டுசெல்பவரிடம் ஒப்படைத்தால், மாறாகத் தெரியவராதவரை அது வாங்குபவரிடமே ஒப்படைத்ததாகும் என்று முதல் உட்பிரிவு சொல்கிறது. லாரி ஆபீசில் மூட்டை ஏற்றி அனுப்பும் இரண்டு வியாபாரிகளுக்காக எழுதிய விதி அது. எந்த லாரி, என்ன வாடகை, இன்ஷூரன்ஸ் உண்டா என்று இருவரும் பேசி முடிவெடுப்பார்கள். இணையத்தில் வாங்குபவர் எந்தக் கூரியர் என்று தேர்ந்தெடுத்தாரா? பார்சல் கிளம்பிய பிறகுதான் கூரியரின் பெயரே அவருக்குத் தெரியவருகிறது.

அதே பிரிவின் இரண்டாவது உட்பிரிவை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பொருளின் தன்மைக்கு ஏற்ற நியாயமான ஒப்பந்தத்தை விற்பவர் கொண்டுசெல்பவரோடு போட வேண்டும். அதைச் செய்யாமல் பொருள் வழியில் தொலைந்தால், ‘கூரியரிடம் கொடுத்தது என்னிடம் கொடுத்ததாகாது’ என்று வாங்கியவர் மறுக்கலாம், அல்லது நஷ்டஈடு கேட்கலாம். நாற்பதாயிரம் ரூபாய்ப் பொருளை மதிப்பு எழுதாமல், காப்பீடு இல்லாமல், மலிவுக் கட்டணத்தில் அனுப்பியது நியாயமான ஒப்பந்தமா?

அடுத்து கொண்டுசெல்பவர். வெள்ளைக்காரன் காலத்து 1865 சட்டத்திலேயே, சரக்கு தொலைந்தால் வண்டிக்காரரின் அலட்சியத்தை வாதி நிரூபிக்க வேண்டியதில்லை என்று 9-ஆம் பிரிவு இருந்தது. நுகர்வோர் மன்றத்திலும் அது செல்லும் என்று பட்டேல் ரோட்வேஸ் – பிர்லா யமஹா வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2007 சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் அதையே 12-ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. தொலைந்தது, சேதமானது என்பதோடு ‘போய்ச் சேராதது’ என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அந்தச் சட்டத்தில் சரக்கு ஏற்றிச் செல்பவர் என்பதற்கான விளக்கத்துக்குள் வீட்டுக்கு வீடு கொண்டுசேர்க்கும் கூரியரும் பெயர் சொல்லியே இருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக, சரக்கு காணாமல் போனால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் சுமந்து சென்றவர்தான். கணினித் திரையில் ஒரு பச்சை டிக் வந்ததும் அதை நாம் தலைகீழாக்கிவிட்டோம்.

கூரியர் தரப்பு உடனே 1996 தீர்ப்பை எடுத்து நீட்டும். பாரதி நிட்டிங் கம்பெனி – டி.எச்.எல். வழக்கு. ஜெர்மனிக்கு அனுப்பிய ஆவணக் கவர் போய்ச் சேரவில்லை, கேட்ட நஷ்டம் நாலு லட்சத்துக்கு மேல், கூரியர் சீட்டில் இருந்த 100 டாலர் உச்சவரம்பே செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். சரி. ஆனால் அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட்டவர் அனுப்பியவர். கையெழுத்துப் போட்டவரை அது கட்டுப்படுத்தும் என்பதுதான் தீர்ப்பின் அடிப்படை. வாங்கியவர் அந்தச் சீட்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கூரியரிடமிருந்து விற்பவருக்கு உச்சவரம்புத் தொகைதான் கிடைக்கும் என்றால் அது அவர்கள் இருவருக்கும் இடையிலான கணக்கு. வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையிலான கணக்கு முழு விலை.

அரசுத் தபாலுக்கு மட்டும் தனிச் சலுகை உண்டு. 1898 தபால் சட்டம் தொலைந்ததற்குப் பொறுப்பில்லை என்றது. 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும், விதிகளில் சொன்ன பொறுப்பைத் தவிர வேறு இல்லை என்கிறது. ஸ்பீடு போஸ்ட் தொலைந்தால் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அது என்று விதி வைத்திருந்தார்கள். இதெல்லாம் தெரிந்தே விலை உயர்ந்த பொருளைச் சாதாரணத் தபாலில் போடுபவர், தெரிந்தே ஒரு துணிச்சலை எடுக்கிறார். அந்தத் துணிச்சலுக்கான விலையை வாங்குபவர் ஏன் கட்ட வேண்டும்?

விற்பனைத் தளம் கடைசியாக ஒரு கதவைத் திறந்துகொண்டு ஓடும்: ‘நாங்கள் வெறும் சந்தை, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு எங்களைக் காக்கும்.’ கிடங்கும் வண்டியும் தன்னுடையதாக வைத்துக்கொண்டு, பணத்தையும் தானே வசூலித்துக்கொண்டு இதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அதை விடுவோம். இந்தத் தளங்கள் அடிக்கடி மேற்கோள் காட்டும் அந்நிய முதலீட்டு விதியையே எடுத்துக்கொள்வோம். 2016-இல் வந்து 2018 டிசம்பரில் மறுபடி உறுதி செய்யப்பட்ட அந்த விதி, விற்பனைக்குப் பிறகு பொருளை வாடிக்கையாளரிடம் கொண்டுசேர்ப்பதும் அவரைத் திருப்திப்படுத்துவதும் விற்பவரின் பொறுப்பு என்கிறது. தளத்தை விடுவிக்க எழுதிய வரி அது. அந்த வரியே ‘வாங்கியவர் பாடு’ என்பதையும் அடித்துவிடுகிறது. பொறுப்பு தளத்துடையதா விற்பவருடையதா என்று அவர்கள் சண்டை போடட்டும். மூன்றாவதாக நிற்பவர் தலையில் அதைக் கட்ட எந்த விதியிலும் இடமில்லை.

5. வாங்குபவர்கள் ஏமாற்றுகிறார்களே? ஏமாற்றுகிறார்கள். இந்த ஒரு எதிர்ப்பை மட்டும் நான் முழு மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன். இதில் அடிபடுகிறவர்கள் உண்மையான மனிதர்கள். சேலத்துப் பக்கம் இளம்பிள்ளையில் தறி போட்டவர் வீட்டுப் பெண், வாட்ஸப்பில் படம் போட்டுச் சேலை விற்கிறார். பண்டிகைக்கு முன்னால் நாலாயிரம் ரூபாய்ச் சேலை ஒன்றை அனுப்புகிறார், பத்து நாள் கழித்து ‘வரலைங்க’ என்று செய்தி வருகிறது. அந்த மாத லாபம் அதிலேயே போய்விடும்.

அவருடைய நஷ்டம் எங்கே உறுதியாகிறது என்று பாருங்கள். கூரியர் கிளையில் பலகைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் "உள்ள என்ன?" என்பார். "துணி." எடை போட்டு, தொகை சொல்லி, சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். சீட்டில் பொருளின் மதிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கும், அது காலியாகவே போகும். அவர் கேட்பதில்லை, இவர் சொல்வதில்லை. சீட்டின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் இழப்பீட்டு உச்சவரம்பு இருக்கும். சேலை தொலைந்த பிறகுதான் அதைப் படிப்பார். மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டினால் கொண்டுசெல்பவரின் பொறுப்பு கூடும் என்று 2007 சட்டமே வழி சொல்லியிருக்கிறது. அதை அந்தப் பலகையில் நின்று கேட்கச் சொல்ல ஆள் இல்லை. சின்ன வியாபாரியைக் காப்பாற்ற நிஜமாக ஆசைப்படுகிறவர் சண்டைக்குப் போக வேண்டிய இடம் அந்தக் காலிக் கட்டம். அதை விட்டுவிட்டு, நாலாயிரம் ரூபாயைச் சென்னையில் இருக்கும் இன்னொரு சாதாரணப் பெண்ணின் கணக்கில் எழுதுவதற்குப் பெயர் வியாபாரியைக் காப்பாற்றுவதா?

பெரிய தளங்களுக்கு இந்த அனுதாபம்கூடத் தேவையில்லை. ஆயிரம் பேருக்கு முப்பதாயிரம் ரூபாய்ப் போன் அனுப்பி இரண்டு தொலைந்தன என்று வைத்துக்கொள்வோம். மொத்த நஷ்டம் அறுபதாயிரம். ஆயிரம் பேருக்குப் பிரித்தால் தலைக்கு அறுபது ரூபாய். கடைக்காரருக்கு அது செலவுக் கணக்கில் ஒரு வரி. வாங்கியவருக்கு அதே போன் இரண்டு மாதச் சம்பளம், கடனில் வாங்கியிருந்தால் வராத போனுக்கு மாதாமாதம் தவணையும் போகும். எந்த வாடிக்கையாளர் எத்தனை முறை ‘வரவில்லை’ என்றார், எந்த வழித்தடத்தில் எத்தனை பார்சல் காணாமல் போகிறது என்ற கணக்கும் தளத்திடம்தான் இருக்கிறது. அடிக்கடி புகார் சொல்லும் கணக்குகளை அவர்கள் முடக்குகிறார்கள். பொய்யனைப் பிடிக்கும் வசதி உள்ளவரே, பிடிக்கும் வேலையையும் செய்யட்டும்.

எல்லா வாதத்தையும் ஒரே அடியில் சாய்க்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. கேஷ் ஆன் டெலிவரியில் போட்ட பார்சல் வழியில் தொலைந்தால் என்ன ஆகிறது? ‘எங்கள் பதிவின்படி கொடுத்துவிட்டோம், பணத்தைக் கட்டுங்கள்’ என்று யாராவது வீட்டுக்கு வருகிறார்களா? வருவதில்லை. நஷ்டத்தை அவர்களுக்குள் பார்த்துக்கொள்கிறார்கள். அதே பொருள், அதே பாதை, அதே வாங்குபவர். முன்பணம் கட்டியவருக்கு மட்டும் நீதி மாறுகிறது. அப்படியானால் இங்கே வேலை செய்வது நியாயம் இல்லை, பணம் யார் பையில் இருக்கிறது என்பதுதான். கடன் அட்டையில் கட்டியவருக்கும் ஒரு மாற்று வழி உண்டு. பொருள் வரவில்லை என்று வங்கியிடம் தகராறு எழுப்பினால், அட்டை நிறுவனங்களின் விதிப்படி ‘கொடுத்தேன்’ என்று காட்டும் சுமை வியாபாரிக்குப் போகிறது. அப்போது மட்டும் ஆதாரங்கள் கிடங்கிலிருந்து எடுத்துவரப்படுகின்றன. முடியாத காரியத்தை யாரும் கேட்கவில்லை.

6. டெலிவரி பையன் பாவம் என்கிறார்கள். பாவம்தான், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாளில் இத்தனை வீடு என்று கணக்கு வைத்து ஓடவிட்டு, தொலைந்த பார்சலுக்கு அவர் சம்பளத்தில் கை வைப்பது நிறுவனத்தின் அநியாயம். 1936 ஊதியச் சட்ட காலத்திலிருந்தே, ஒப்படைத்த பொருள் தொலைந்ததற்காகச் சம்பளத்தில் பிடிப்பதானால் தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்ட பிறகுதான் பிடிக்க முடியும். அவரைத் தொழிலாளி என்றே ஒப்புக்கொள்ளாமல் ‘பங்குதாரர்’ என்று பெயர் வைத்து அதையும் தாண்டிப் போகிறார்கள். அதற்காக வாங்கியவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்றால், ஓர் அநியாயத்தை இரண்டாக்கினோம் என்றுதான் ஆகும்.

7. ‘சட்டம் இருக்கிறது, வழக்குப் போடு.’ பேச்சை முடிக்க இதைச் சொல்கிறார்கள். சட்டம் இருப்பது உண்மை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட்டால் போதும். இணையம் வழியாகவும் போடலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. நடுவர் மன்றம்தான் என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும் நுகர்வோர் மன்றத்தின் கதவை அது அடைக்காது என்று 2018-இல் எமார் எம்.ஜி.எஃப். வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, 1915 எண்ணுக்குப் போன் போடுவதும் நல்லது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020 விதி சொல்கிறது. அதை எழுத்தில் கேட்டு வாங்கி வைப்பது வழக்குக்குப் பாதி பலம்.

ஆனால் வழக்கு என்பது விதி மீறியவரைப் பிடிக்கும் வழி. அதையே விதியாக்கி, ஏமாந்த ஒவ்வொருவரும் மாவட்ட ஆணையத்தில் போய் நின்றால்தான் பணம் என்றால், நிற்காதவர்களின் பணம் முழுக்க லாபம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய் மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. வாய்தா என்ற சொல்லைக் கேள்விப்பட்டவர்கள் அதைப் படித்துச் சிரித்துக்கொள்வார்கள். ‘டெலிவர்டு காட்டினால் பணம் கிடையாது’ என்ற நிபந்தனையே அநியாயம் என்று அடித்து நொறுக்க நினைத்தால் மாவட்ட ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. அநியாய ஒப்பந்தம் பற்றிய புகார் மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். தென்காசிக்காரர் ஒரு செல்போனுக்காகச் சென்னைக்கோ மதுரைக்கோ அலைவாரா?

பிரிட்டன் இதற்கு 2015-இல் ஒரு முடிவு கட்டியது. அங்கே நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவுப்படி, பொருள் வாங்கியவர் கையிலோ அவர் குறிப்பிட்டவர் கையிலோ நிஜமாகச் சேரும்வரை அது வியாபாரியின் பொறுப்பில் இருக்கும். வாங்கியவர் தானே வேறு ஆளை அமர்த்திப் பொருளை எடுத்துவரச் சொன்னால் மட்டும் விலக்கு. ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு முன்பே, 2011 நெறிமுறையில் இதையே எழுதிவிட்டது. அங்கே வியாபாரம் நின்றுபோகவில்லை, சின்னக் கடைகளும் இருக்கின்றன. அவர்கள் பார்சலைக் காப்பீடு செய்து அனுப்பக் கற்றுக்கொண்டார்கள்.

நம் ஊரில் நாடாளுமன்றம் கூடவும் தேவையில்லை. மின்வணிகத்தில் நடக்கும் முறைகேட்டைத் தடுக்க விதி செய்யும் அதிகாரத்தை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு ஒன்றிய அரசுக்குக் கொடுத்திருக்கிறது. 2021 ஜூன் 21 அன்று நுகர்வோர் விவகாரத் துறை 2020 விதிகளுக்கு ஒரு திருத்த வரைவையும் வெளியிட்டது. விற்பவரின் அலட்சியத்தால் பொருள் போய்ச் சேராமல் வாடிக்கையாளருக்கு நஷ்டம் வந்தால் தளமே அதை ஏற்க வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது. கருத்துக் கேட்டார்கள், தளங்கள் கூச்சல் போட்டன, வரைவு கிடப்பில் போனது. அந்த வரைவிலும் ஒரு குறை உண்டு. விற்பவரின் அலட்சியத்தைத்தான் அது பேசியது, கூரியர் கையில் தொலைவதைப் பேசவில்லை. வரைவை மறுபடி வெளியே எடுக்கும்போது ‘விற்பவரின் அலட்சியம்’ என்ற சொற்களை அடித்துவிட்டு, பொருள் கையில் சேரும்வரை நஷ்டம் விற்பவருக்கும் தளத்துக்கும் உரியது, சேர்ந்தது என்று காட்டும் சுமையும் அவர்களுடையதே என்று எழுத வேண்டும். கூடவே, கூரியர் சீட்டின் மதிப்புக் கட்டத்தை நிரப்பாமல் பார்சலை வாங்கக் கூடாது என்றும் சேர்க்கலாம். இளம்பிள்ளைக்காரருக்கு அது பயன்படும்.